சிருங்கேரி சாரதா பீடம்: மடத்தைக் காத்தவர்கள் யார்?

(நமது சங்கத்தின் ஹைதராபாத் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை. பிற ஊர் உறுப்பினர்களும் படிக்கும் பொருட்டு எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



"நம் மடங்களின் வரலாறும் மரபும்" என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். இது ஒரு மாதம் பேசினாலும் தீராத விஷயம். எனக்குக் கொடுத்திருப்பதோ அரை மணி நேரம். அதற்குப் பிறகு காபி தயார் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு மடத்தை எடுத்துக்கொள்கிறேன். நல்லகுண்டா சங்கர மடத்தை அறியாத தமிழர் இந்த ஊரில் இருக்க முடியாது. அந்த மடத்துக்குத் தாய் மடமான சிருங்கேரி சாரதா பீடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இங்கே காஞ்சி மடத்தின் சிஷ்யர்களும் பலர் இருக்கிறீர்கள். பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரியில் உங்களில் பலரைப் பார்த்திருக்கிறேன். நான் சொல்லப்போவதன் சாரம் எல்லா மடங்களுக்கும் பொருந்தும் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சாஸ்திரம் படித்த வித்வான் அல்ல. படித்தது விஞ்ஞானம்; பார்த்தது அரசாங்க உத்தியோகம். கோப்புகளோடு காலம் கழித்தவனுக்கு "இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்கும் வழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போவதில்லை. ஆகவே இந்த உரையில் மரபு சொல்வதை மரபு என்றும், கல்வெட்டும் கடிதமும் சொல்வதை ஆவணம் என்றும் தனித்தனியாகவே சொல்லப் போகிறேன். இரண்டுக்கும் மதிப்பு உண்டு. கலந்து பேசினால்தான் இரண்டின் மதிப்பும் குறைகிறது.

மரபு சொல்லும் தொடக்கம்

ஆதி சங்கர பகவத்பாதர் பாரதத்தின் நான்கு திசைகளிலும் நான்கு ஆம்னாய பீடங்களை நிறுவினார் என்பது மரபு. கிழக்கே பூரி, மேற்கே துவாரகை, வடக்கே ஜோஷிமடம், தெற்கே சிருங்கேரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேதம், ஒரு மகாவாக்கியம். நம் சிருங்கேரிக்கு யஜுர் வேதம். சங்கரர் வாழ்ந்த காலம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் எட்டாம் நூற்றாண்டை ஒட்டிச் சொல்கிறார்கள்.

துங்கா நதிக்கரையில் சங்கரர் நின்றபோது, வெயிலில் பிரசவ வேதனைப்பட்ட ஒரு தவளைக்கு நாகப்பாம்பு படம் எடுத்து நிழல் கொடுத்ததாம். பகையை மறந்த அந்த இடத்தைக் கண்டு, இதுவே சாரதைக்கு ஏற்ற ஸ்தலம் என்று அவர் முடிவு செய்தார் என்பது அனைவரும் அறிந்த கதை. ரிஷ்யசிருங்கர் பெயரால் வந்த ஊர் அது. அவருடைய கோயில் அருகில் கிக்காவில் இருக்கிறது. மழை வேண்டி இன்றும் அங்கே போகிறார்கள்.

மரபில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இன்னொன்று. பீடத்தின் முதல் ஆசார்யர் சுரேஸ்வரர். அவர் பூர்வாச்ரமத்தில் மண்டன மிச்ரர் என்பது மரபு. சங்கரரோடு பல நாட்கள் வாதம் செய்து தோற்றவர் அவர். அந்த வாதத்துக்கு நடுவராக இருந்தவர் அவருடைய மனைவி உபய பாரதி. நன்றாக யோசித்துப் பாருங்கள். தம்மோடு வாதாடித் தோற்றவரையே சங்கரர் தம் பீடத்தில் அமர்த்தினார். எதிர்க்கட்சி வக்கீலையே நீதிபதியாக்கியது போல. இந்தப் பீடத்துக்குத் தகுதி படிப்பு என்பது தொடக்கத்திலேயே நிச்சயமாகிவிட்டது.

ஆவணம் பேசத் தொடங்குகிறது: 1346

கல்வெட்டில் நாம் உறுதியாகக் கால் வைக்கும் ஆண்டு 1346. விஜயநகரத்தை நிறுவிய முதலாம் ஹரிஹரர், தம் சகோதரர்களோடு சிருங்கேரிக்கு வந்து, வெற்றி விழாக் கொண்டாடி, அப்போது பீடத்திலிருந்த பாரதீ தீர்த்தருக்கும் அவருடைய சிஷ்யர்களுக்கும் நிலம் வழங்கிய சாசனம் அது. அதன் பிறகு புக்கரும் வந்தார்; அவரும் தானம் செய்தார்.

விஜயநகரம் என்றதும் வித்யாரண்யர் பெயர் நம் நாவில் வரும். ஹரிஹர புக்கர்களுக்கு வழிகாட்டி ராஜ்ஜியத்தை நிறுவியவர் அவரே என்பது மரபு. சிருங்கேரி ஆசார்யர்களின் விருதாவளியிலேயே "கர்நாடக சிம்ஹாசன ப்ரதிஷ்டாபனாசார்ய" என்ற பட்டம் உண்டு. ராஜ்ஜியம் நிறுவியதில் அவருடைய பங்கு எவ்வளவு என்பதில் சரித்திர ஆசிரியர்கள் ஒருமித்த கருத்து சொல்வதில்லை. ஆனால் அவர் 1380 முதல் 1386 வரை பீடத்தில் இருந்ததும், பஞ்சதசீ, ஜீவன்முக்தி விவேகம் போன்ற நூல்கள் அவருடையவை என்பதும், அதே காலத்தில் விஜயநகர மன்னர்களின் ஆதரவில் சாயணர் வேத பாஷ்யங்களைச் செய்ததும் சிறிய விஷயங்களா? வாளால் வென்ற ராஜ்ஜியம் 1565-இல் தலைக்கோட்டைப் போரோடு நிலைகுலைந்தது. ஹம்பியில் இன்று கற்கள் இருக்கின்றன. சாயண பாஷ்யத்தை இன்றும் படிக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. குரு பரம்பரையில் வித்யாரண்யர் பன்னிரண்டாவது ஆசார்யர். 1989 முதல் பீடத்தை அலங்கரிக்கும் ஸ்ரீ பாரதீ தீர்த்த மஹாஸ்வாமிகள் 36-ஆவது ஆசார்யர். 1386-க்குப் பின் சுமார் 640 ஆண்டுகளில் 24 ஆசார்யர்கள். சராசரி ஒருவருக்கு 26 அல்லது 27 ஆண்டுகள். ரத்த வாரிசு இல்லை, தேர்தல் இல்லை, படை இல்லை. ஒருவர் இன்னொருவரைத் தேர்ந்தெடுத்துக் கற்பித்து ஒப்படைத்துவிட்டுப் போகிறார். அந்த 24 ஒப்படைப்புகளில் ஒன்று தவறியிருந்தாலும் இன்று நாம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

1791: சூறையும் கடிதங்களும்

விஜயநகரம் போன பிறகு மடத்தை ஆதரித்தவர்கள் கெளதி நாயக்கர்கள். அவர்கள் வீரசைவர்கள். அத்வைத மடத்தைத் தங்கள் மடம் போலவே பேணினார்கள். பிறகு மைசூர் அரசு. அதன் பிறகு வந்தது மடத்தின் சரித்திரத்திலேயே மிகக் கொடிய ஆண்டு.

1791. மூன்றாவது மைசூர் யுத்தம். திப்பு சுல்தானுக்கு எதிராக ஆங்கிலேயர், நம் ஹைதராபாத் நிஜாம், மராத்தியர் மூவரும் சேர்ந்திருந்தார்கள். பரசுராம் பாவ் தலைமையில் வந்த மராத்தியப் படையோடு சேர்ந்திருந்த கொள்ளைக் கூட்டத்தார் சிருங்கேரியில் புகுந்தார்கள். மடத்தைச் சூறையாடினார்கள். உயிர்ச்சேதம் ஏற்பட்டது. சாரதாம்பாளின் விக்ரஹமும் இடம் பெயர்க்கப்பட்டது. அப்போதிருந்த ஆசார்யர், மூன்றாம் ஸச்சிதானந்த பாரதீ ஸ்வாமிகள், கார்களாவில் போய்த் தங்க வேண்டியதாயிற்று.

அவர் திப்புவுக்கு எழுதினார். திப்பு பதில் எழுதினார். ஸ்வாமிகளை ஜகத்குரு என்று விளித்து, நடந்ததற்கு வருந்தி, அம்பாளை மறுபடியும் பிரதிஷ்டை செய்யப் பணமும் தானியமும் கொடுக்கும்படித் தம் அதிகாரிக்கு உத்தரவு போட்டார். இது கட்டுக்கதை அல்ல. மைசூர் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த ஆர். நரசிம்மாசார் 1916-இல் சிருங்கேரி மடத்தின் பழைய பதிவேடுகளிலிருந்து திப்புவின் சுமார் 30 கன்னடக் கடிதங்களைக் கண்டெடுத்து வெளிப்படுத்தினார்.

திப்புவைப் பற்றி வேறு இடங்களில் வேறு விதமான சரித்திரமும் உண்டு. குடகிலும் மலபாரிலும் கேட்டால் கசப்பாகத்தான் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. அவர் ஏன் இதைச் செய்தார், பக்தியா, ராஜதந்திரமா என்று விவாதிப்பவர்கள் விவாதிக்கட்டும். சூறையாடியவர்கள் யார், மீண்டும் பிரதிஷ்டைக்குக் கை கொடுத்தவர் யார் என்பதைக் காகிதம் சொல்கிறது. நமக்குப் பிடித்த சரித்திரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது சரித்திரம் ஆகாது.

கோப்பு பார்த்தவன் என்ற முறையில் இதில் நான் வியப்பது இன்னொன்று. கொள்ளை போன மடம், ஊரை விட்டுப் போன ஸ்வாமிகள், ஆட்சி மாறிய ராஜ்ஜியம். இத்தனைக்கும் நடுவில் 125 ஆண்டுகள் அந்தக் கடிதங்களை யாரோ ஒரு மடத்துக் குமாஸ்தா, அவருக்குப் பின் இன்னொருவர், கரையான் அரிக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சிருங்கேரியில் மழை எப்படிப் பெய்யும் என்று தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

ஜாகீர் போன பிறகு

ராஜாக்கள் கொடுத்த நிலம் என்றால் என்ன? அந்த ஊர்களின் வரி வருமானம் மடத்துக்குச் சேரும் என்பதுதான். சிருங்கேரி அந்த வகையில் ஒரு ஜாகீராகவே இருந்தது. அந்த வருமானத்தில் சமாராதனை நடந்தது, பாடசாலை நடந்தது. அதற்குப் பின்னால் மலைச் சரிவில் நெல்லும் பாக்கும் விளைவித்த குடியானவர்களின் உழைப்பு இருந்தது. தானம் செய்த மன்னரின் பெயர் சாசனத்தில் இருக்கிறது. ஏர் பிடித்தவரின் பெயர் எங்கும் இல்லை. அவரையும் இங்கே நினைத்துக்கொள்வோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1955-இல் மைசூர் அரசு சமய, தர்ம இனாம்களை ஒழிக்கும் சட்டம் கொண்டு வந்தது. உழுதவருக்கு நிலம் என்பது நியாயமே. ஆனால் அறுநூறு ஆண்டுகளாக வந்த வருமானம் மடத்துக்கு நின்றது. அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1954-இல், ஸ்ரீ அபிநவ வித்யாதீர்த்த மஹாஸ்வாமிகள் பீடத்தில் அமர்ந்தார். இனி என்ன செய்வது என்ற கேள்வி அவர் முன் நின்றது.

அவர் வீடு வீடாக, ஊர் ஊராக வந்தார் என்று சொன்னால் மிகையில்லை. 1989 வரை 35 ஆண்டுகள் பீடத்தில் இருந்து பாரதம் முழுவதும் விஜய யாத்திரை செய்தார். கிளை மடங்கள் பெருகின. சிருங்கேரியில் ஏழைகளுக்கு மருத்துவமனை வந்தது. இன்றும் அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் ஜாதி கேட்காமல் அன்னம் போடுகிறார்கள். நிலம் போன பிறகு மடம் சுருங்கியிருக்க வேண்டும். அது விரிந்தது. விஜயநகர மன்னர், நாயக்கர், மைசூர் மகாராஜா ஆகியோர் இருந்த இடத்துக்கு மாதச் சம்பளக்காரரும், பென்ஷன்காரரும், சின்னக் கடைக்காரரும் வந்து சேர்ந்தார்கள். அதாவது நீங்களும் நானும். தலைப்பில் கேட்ட கேள்விக்கு இந்தக் காலத்துப் பதில் அதுதான்.

மாறாத நியமங்கள்

ஆதரித்தவர்கள் மாறினாலும் மடத்தின் உள்ளே நடப்பது மாறவில்லை. ஆசார்யர் இரவில் ஸ்படிக லிங்கமான சந்திரமௌலீஸ்வரருக்குத் தம் கையால் பூஜை செய்கிறார். ஆஷாட பௌர்ணமியில் வியாச பூஜை செய்து சாதுர்மாஸ்யம் தொடங்குகிறார். நான்கு பக்ஷங்கள் ஒரே ஊரில் வாசம். மழைக்காலத்தில் பூமியெங்கும் சிற்றுயிர்கள் பெருகியிருக்கும். நடந்தால் மிதிபடும் என்பது அதன் காரணம்.

நவராத்திரியில் ஒரு விசித்திரம் உண்டு. எல்லாவற்றையும் துறந்த சன்னியாசி, கிரீடமும் ஆபரணங்களும் தரித்து சாரதாம்பாள் சன்னிதியில் தர்பாரில் அமர்கிறார். ராஜ்ஜியம் நிறுவிய பீடம் என்பதன் அடையாளம் அது. தர்பார் முடிந்ததும் கிரீடம் பெட்டிக்குள் போய்விடும். அவர் பழையபடி தண்டமும் கமண்டலமுமாக இருப்பார். பதவியை எப்படி அணிய வேண்டும், எப்படிக் கழற்ற வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம். உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

விநாயக சதுர்த்தியை ஒட்டி வாக்யார்த்த சபை கூடுகிறது. நியாயம், மீமாம்சை, வியாகரணம், வேதாந்தம் படித்த வித்வான்கள் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு முதலில் எதிர்த்தரப்பை முழு பலத்தோடு எடுத்துரைத்து, பிறகு சித்தாந்தம் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் குறுக்கே ஆட்சேபம் எழுப்பலாம். ஆசார்யரே கேள்வி கேட்பார். விஞ்ஞான ஆய்வரங்குகளில் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். சுரேஸ்வரர் வாதத்தின் வழியாக வந்த பீடம் அல்லவா? அந்த வழக்கம் விடவில்லை.

சிஷ்யன் எங்கிருந்து வருகிறான்?

1966. உஜ்ஜயினியில் ஸ்ரீ அபிநவ வித்யாதீர்த்தர் தங்கியிருக்கிறார். மச்சிலிப்பட்டினத்தில் பிறந்த 15 வயதுத் தெலுங்குப் பையன் ஒருவன், தனியாக அங்கே வந்து சேர்ந்து, தமக்கு சாஸ்திரம் கற்பிக்க வேண்டும் என்று கேட்கிறான். எட்டு ஆண்டுகள் படிக்கிறான். 1974-இல் சன்னியாசம் பெறுகிறான். இன்றைய மஹாஸ்வாமிகள் அவர்தான். தமிழில் அவர் செய்யும் அனுக்ரஹ பாஷணத்தைக் கேட்டவர்கள், அவருக்குத் தாய்மொழி தெலுங்கு என்றால் நம்ப மாட்டார்கள்.

2015-இல் அவர் தம் சிஷ்யராக ஏற்ற ஸ்ரீ விதுசேகர பாரதீ ஸ்வாமிகள் திருப்பதியைச் சேர்ந்தவர். 2025 அட்சய திருதியை அன்று காஞ்சி மடத்தில் சன்னியாசம் பெற்ற இளைய ஸ்வாமிகள் ஆந்திராவில் பிறந்து, நம் தெலங்கானாவின் பாசர சரஸ்வதி கோயிலில் பணி செய்தவர். இரண்டு பெரிய பீடங்களின் எதிர்காலமும் கோதாவரிக்கும் திருப்பதிக்கும் நடுவிலிருந்து வந்திருக்கிறது. மொழி பார்க்காமல் வித்தை பார்த்து எடுப்பது பீடங்களின் பெருமை. அதே சமயம் இந்தச் செய்தி நம்மைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கிறது. அந்தப் பக்கத்து வீடுகளில் இன்னும் பையன்களைப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள். தமிழ் வீடுகளில் எத்தனை பேர்?

நம் பங்கு என்ன?

இதற்கு நாம் சொல்லும் வழக்கமான பதில், "மடத்துக்கு மாதா மாதம் பணம் அனுப்புகிறேனே" என்பது. நல்லது, அனுப்புங்கள். ஆனால் ராஜா பணம் கொடுத்தார். கூடவே அக்ரஹாரங்கள் பிள்ளைகளைக் கொடுத்தன. ராஜாவின் வேலையை நாம் எடுத்துக்கொண்டோம். அக்ரஹாரத்தின் வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் எல்லோர் பிள்ளைகளையும் பாடசாலைக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலும் அனுப்பவில்லை. படித்து வந்திருக்கும் பிள்ளைகளை நாம் எப்படி நடத்துகிறோம் என்று மட்டும் கேட்கிறேன். இந்த ஊரிலேயே நான் அறிந்த ஓர் இளைஞர், கிருஷ்ண யஜுர் வேதத்தில் கனாந்தம் முடித்தவர். நல்ல சுபாவம், போதுமான வருமானம். நான்கு ஆண்டுகளாகப் பெண் தேடுகிறார்கள். ஜாதகம் பொருந்துகிற இடத்தில் குடுமி பொருந்தவில்லை. மறுத்த வீடுகளில் ஒன்றில் கிரகப்பிரவேசத்துக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஸ்வரம் சுத்தமாக இருக்கும் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். பெண்ணின் விருப்பத்தை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் இப்படி ஒரு வரன் வந்தது என்று சொல்வதற்கு முன்பே பெற்றவர்கள் தாங்களே "வேண்டாம்" என்று மடித்துப் போட்டுவிடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். இந்தப் பையனின் தம்பி பாடசாலையில் சேர்வானா? அவன் அப்பா சேர்ப்பாரா? மடத்தின் பரம்பரை அறுவதற்குப் படையெடுப்பு வேண்டியதில்லை. இந்த மாதிரி நாலு கல்யாணம் தட்டிப் போனால் போதும்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, நமது வரன் பகுதியில் வேதம், சாஸ்திரம் படித்த பிள்ளைகளின் விவரத்தைக் கட்டணமின்றி, முதல் பக்கத்தில் வெளியிட வேண்டும். அவர்களுக்கு மருத்துவக் காப்பீடு, வீட்டு வாடகை உதவி ஆகியவற்றுக்கு ஒரு நிதி வேண்டும். மரியாதை மட்டும் சாப்பாடு போடாது. இரண்டு, ஞாயிறு காலை ஒரு மணி நேரம், பையன், பெண், பெரியவர் என்று பேதமில்லாமல், ஒரு ஸ்தோத்திரமோ ஒரு சிறு பிரகரணமோ அர்த்தத்தோடு கற்கும் வகுப்பு. கேள்வி கேட்க அனுமதி உண்டு என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மூன்று, உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ஸ்ரீமுகங்கள், கடிதங்கள், ஓலைச்சுவடிகள் இருக்கலாம். வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து, தேதியும் ஊரும் குறித்து, சங்கத்திடமோ மடத்திடமோ கொடுங்கள். 1916-இல் நரசிம்மாசாருக்குக் கிடைத்தது போல, பின்னால் வருகிற ஒருவருக்குக் கிடைக்கட்டும்.

இவற்றில் முதலாவது யோசனையை இந்தக் கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நிதிக்கு என் பங்கை இப்போதே செயலாளரிடம் ஒப்படைக்கிறேன்.  சாரதாம்பாளின் அனுக்ரஹம் நம் எல்லோர் குடும்பங்களுக்கும் கிடைக்கட்டும். நமஸ்காரம்.